கரண்ட் போய் வந்த பிறகும் தாள் வரவேண்டும்: தண்டையார்பேட்டை வீடொன்றில் பிரிண்ட் சர்வர் அமைத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொருக்குப்பேட்டை ரயில் நிலையத்துக்கும் காசிமேட்டுக்கும் இடையே, தண்டையார்பேட்டையில் ஒரு குறுகலான தெரு. பதினைந்தடி அகல மனையில் தரைத்தளமும் இரண்டு மாடிகளும். தரைத்தளத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் டியூஷன் எடுக்கிறார். முதல் மாடியில் மூத்த மகனும் மருமகளும் இருக்கிறார்கள். மருமகள் அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பவர். இரண்டாம் மாடியில் இளைய மகன், வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கிறார்.

வீட்டில் ஒரே ஒரு பிரிண்டர், எச்பி லேசர்ஜெட் 1020. யுஎஸ்பி மட்டும்தான். நெட் கேபிளுக்கான லேன் துளையும் இல்லை, வைஃபையும் இல்லை. நிமிடத்துக்கு 14 ஏ4 தாள் தள்ளும். அதற்குரிய 12ஏ டோனர் ஏறத்தாழ 2000 பக்கம் வரும். டியூஷனில் 45 பேருக்கு நாலு பக்க வினாத்தாள் என்றால் ஒரு தேர்வுக்கு 180 தாள், கிட்டத்தட்ட 13 நிமிட ஓட்டம். ஒரு டோனருக்குப் பதினோரு தேர்வு. எந்திரம் நல்ல நிலையில் இருந்தது. டோனர் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. அதைத் தூக்கிப் போட வீட்டில் யாருக்கும் மனமில்லை, போடவேண்டிய அவசியமும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். பிரிண்டர் ஆசிரியையின் பழைய விண்டோஸ் 10 லேப்டாப்போடு கட்டப்பட்டிருந்தது. மருமகளுக்கு ஒரு பில் அச்சிட வேண்டுமானால் பிடிஎஃபை வாட்ஸ்அப்பில் மாமியாருக்கு அனுப்பிவிட்டு, மாடிப்படியில் நின்று "அத்தை, ஒண்ணு அனுப்பியிருக்கேன், போட்டுடுங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். வகுப்பு நடக்கும் நேரமென்றால் காத்திருக்க வேண்டும். விண்டோஸின் பகிர்வு வசதியை முன்பு ஒருமுறை அமைத்திருந்தார்கள். அதற்கு அந்த லேப்டாப் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதோடு, 2021இல் வெளிவந்த பிரிண்ட்நைட்மேர் பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வந்த திருத்தங்களுக்குப் பிறகு விண்டோஸ் பிரிண்டர் பகிர்வின் விதிகள் கடுமையாகிவிட்டன. பழைய முறையில் அமைத்த பகிர்வுகள் பல வீடுகளில் நின்றுபோயின. இங்கும் அப்படித்தான்.

எந்த வழி, ஏன்

நாலு வழிகள் பேசப்பட்டன. வைஃபை உள்ள புதிய பிரிண்டர் வாங்குவது ஒன்று. பிரிண்டரே இல்லாத வீடாக இருந்தால் இதுதான் சரியான வழி, அதில் ஐயமில்லை. ஓடுகிற எந்திரமும் பெட்டியில் இரண்டு டோனரும் இருக்கும்போது அது வேண்டாம் என்று முடிவாயிற்று. ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் சொருகுவது இரண்டாவது, பிரிண்ட் சர்வரை, அதாவது ஒரு பிரிண்டரை வலையிலுள்ள எல்லோருக்கும் பகிரும் கருவியை, சின்னப் பெட்டி வடிவில் வாங்குவது மூன்றாவது. இந்த இரண்டையும் தள்ளியதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த கோளாறுக்கும் அதுவே வேர்.

லேசர்ஜெட் 1020 ஒரு பக்கத்தைத் தானாக வரையத் தெரியாத பிரிண்டர். எழுத்து, கோடு, படம் எல்லாவற்றையும் கணினிதான் புள்ளிகளாக மாற்றி, இசட்ஜேஸ்ட்ரீம் என்ற வடிவில் சுருக்கி அனுப்ப வேண்டும். அதைவிட முக்கியம், அதன் இயக்க மென்பொருளான ஃபார்ம்வேர் பிரிண்டருக்குள் நிலையாகத் தங்குவதில்லை. சுவிட்ச் போட்ட ஒவ்வொரு முறையும் கணினி அதை யுஎஸ்பி வழியே ஊட்ட வேண்டும். விண்டோஸ் டிரைவர் இதைச் சத்தமில்லாமல் செய்துவிடுவதால் பத்து வருடம் பயன்படுத்தியவருக்குக்கூட இது தெரிந்திருக்காது. மலிவான பிரிண்ட் சர்வர் பெட்டிகள் வந்த தரவை 9100ஆம் துளை (கேபிள் சொருகும் துளை அல்ல, வலைத் தரவு நுழையும் எண்ணிட்ட வாசல்) வழியே அப்படியே தள்ளிவிடுகிறவை. ஃபார்ம்வேர் ஊட்டும் வேலை அவற்றுக்குத் தெரியாது.

மிஞ்சியது நாலாவது வழி: ஒரு சிறு லினக்ஸ் கணினியில் கப்ஸ் என்ற அச்சு மேலாண்மை மென்பொருளை நிறுவுவது. இளைய மகனின் கல்லூரிப் புராஜெக்டில் மிஞ்சிய ராஸ்பெரி பை 3பி என்ற உள்ளங்கை அளவுக் கணினி (இனி 'பை') மேசை அறையில் கிடந்தது. 1 ஜிபி நினைவகம், 100 மெகாபிட் லேன் துளை. இந்த வேலைக்குப் போதும்.

இடம் குறித்தும் ஒரு முடிவு தேவைப்பட்டது. ரவுட்டர் முதல் மாடியில் இருக்கிறது. பிரிண்டரை அங்கே கொண்டுபோனால் வயரிங் சுலபம். ஆனால் அதிகம் அச்சிடுபவர் ஆசிரியை, அவருக்கு மூட்டுவலி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தரைத்தளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதன் பிறகு நாலடி உயரத்தில் சுவரில் சிமென்ட் பலகை கட்டி, பிரிண்டரை அதன்மேல் ஏற்றியிருந்தார்கள். ஆகவே பிரிண்டர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், ரவுட்டரிலிருந்து மாடிப்படி ஓரமாக 15 மீட்டர் கேட்6 கேபிளைக் கீழே இறக்கலாம் என்று தீர்மானித்தார்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களைத் தாண்டி வரும் வைஃபையை நம்பி ஒரு சர்வரை வைக்காதது நல்ல முடிவு.

முதல் நாள்: 2024 அக்டோபர் 5

மெமரி கார்டில் ராஸ்பெரி பை ஓஎஸ் லைட்டை ஏற்றி, கப்ஸ், இந்த வகைப் பிரிண்டருக்கான ஃபூ2இசட்ஜேஎஸ் டிரைவர், பிரிண்டரின் பெயரை வலையில் அறிவிக்கும் அவாஹி ஆகிய மூன்றையும் நிறுவினார்கள். பயனரைப் பிரிண்டர் நிர்வாக உரிமையுள்ள எல்பிஅட்மின் குழுவில் சேர்த்தார்கள். ரவுட்டரில் அந்தப் பைக்கு 192.168.1.50 என்ற முகவரியை நிலையாக ஒதுக்கினார்கள். இதை விட்டுவிட்டால் ரவுட்டர் ஒருநாள் மறுபடி தொடங்கும்போது முகவரி மாறி, லேப்டாப்புகள் எல்லாம் இல்லாத பிரிண்டரைத் தேடும்.

கப்ஸின் நிர்வாகப் பக்கம் 631ஆம் துளையில் திறக்கும். அங்கே பிரிண்டரைச் சேர்க்கும்போது மூன்று இடங்களில் கவனம் தேவை. பகிர்வுக்கான பெட்டியில் டிக் இருக்க வேண்டும். தாள் அளவு லெட்டர் என்று இருந்தால் ஏ4 ஆக மாற்ற வேண்டும். லெட்டர் தாளின் நீளம் 279 மில்லிமீட்டர், ஏ4 தாளுடையது 297. அந்த 18 மில்லிமீட்டரில் வினாத்தாளின் கடைசி வரி போய்விடும். துல்லியம் அங்குலத்துக்கு 600க்கு 600 புள்ளி போதும். 1200 வைத்தால் ஒவ்வொரு பக்கத்தையும் வரைய பை திணறி, பிரிண்டர் தாளுக்குத் தாள் நின்று நின்று ஓடும்.

பாதுகாப்பு விஷயத்தில் அந்த வாரம் தனிக் கவனம் இருந்தது. செப்டம்பர் 26ஆம் தேதிதான் கப்ஸ் சார்ந்த ஓட்டைகள் உலகறிய வெளியாகியிருந்தன. அவற்றின் வாசல் கப்ஸ்-பிரவுஸ்டு என்ற துணைச் சேவை. வேறு கணினிகள் பகிரும் பிரிண்டர்களைத் தேடிப்பிடிப்பதுதான் அதன் வேலை. தன் பிரிண்டரை மட்டும் பகிரும் சர்வருக்கு அது தேவையே இல்லை. எனவே நீக்கப்பட்டது. அணுகல் வீட்டு வலைக்குள் மட்டும் என்று கட்டுப்படுத்தப்பட்டது. ரவுட்டரில் 631ஐ வெளியே திறந்துவிடவில்லை. எந்த வீட்டிலும் திறக்கக் கூடாது. அச்சிட்ட கோப்புகளைக் கப்ஸ் இயல்பாக ஒரு நாள் வைத்திருக்கும். ஆதார் நகலும் வாடிக்கையாளர் கணக்கும் போகிற சர்வரில் அது வேண்டாம் என்று அந்த அமைப்பும் அணைக்கப்பட்டது.

பிறகு பிரிண்டரின் யுஎஸ்பி கேபிளை லேப்டாப்பிலிருந்து உருவிப் பையில் சொருகினார்கள். கப்ஸ் பிரிண்டரைக் கண்டது, ஆனால் சோதனைப் பக்கம் 'பிரிண்டர் கிடைக்கும்வரை காத்திருக்கிறது' என்று நின்றது. இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் ஆலோசனைப்படி, லினக்ஸின் மையமான கர்னலில், யுஎஸ்பி பிரிண்டருக்கு வாசல் அமைக்கும் யுஎஸ்பிஎல்பி என்ற பகுதியை ஏற்றவே கூடாது என்று தடைப்பட்டியலில் போட்டுவிட்டுப் பையை மறுபடி தொடங்கினார்கள். சோதனைப் பக்கம் அழகாக வந்தது. அந்தத் தடைதான் பத்து நாள் கழித்துத் தலைவலியானது.

விண்டோஸ் லேப்டாப்புகளில் பிரிண்டரைக் கையால் சேர்த்து, எச்டிடிபியில் தொடங்கும் முகவரியாக 192.168.1.50, துளை 631, பிரிண்டர்ஸ் என்ற அடைவு, வரிசையின் பெயர் என்று கொடுத்து, வலைப் பிரிண்டர்களுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் பொது டிரைவரான ஐபிபி கிளாஸ் டிரைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மறையாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ் கொடுத்தால் சர்வர் தானே எழுதிக்கொண்ட சான்றிதழை விண்டோஸ் ஏற்காது. ஆசிரியையின் ஆண்ட்ராய்டு போன் எதையும் நிறுவாமலே பிரிண்டரைக் கண்டுகொண்டது.

பைக்கு மின்சாரம் முதலில் ஒரு போன் சார்ஜரிலிருந்தும் நீளமான மெல்லிய கேபிளிலிருந்தும் போனது. மின்னழுத்தம் 4.63 வோல்டுக்குக் கீழே இறங்கினால் பை அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். கேட்டபோது அந்தக் குறி இருந்தது. அன்று மாலையே 5.1 வோல்ட் 2.5 ஆம்பியர் அடாப்டர் வாங்கி மாற்றினார்கள்.

மாடியில் தெரியாத பிரிண்டர்

இரண்டாம் மாடி ஐபோனில் பிரிண்டர் பட்டியல் காலியாகவே இருந்தது. அதே ஐபோனின் பிரவுசரில் 192.168.1.50:631 என்று அடித்தால் கப்ஸ் பக்கம் திறந்தது. இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடுகிறது. பாதை இருக்கிறது, அறிவிப்புதான் வந்து சேரவில்லை. பாதை வேறு, அறிவிப்பு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு டிரைவரை நாலு தடவை மாற்றி நிறுவுவதில்தான் பலரின் ஞாயிற்றுக்கிழமை போகிறது.

ஐபோனின் ஏர்பிரிண்ட் ஆனாலும் ஆண்ட்ராய்டின் அச்சுச் சேவை ஆனாலும் எம்டிஎன்எஸ் என்ற அறிவிப்பைக் கேட்டே பிரிண்டரைத் தெரிந்துகொள்கின்றன. அது ஒரே வலைக்குள் மட்டும் கேட்கும் குரல், ரவுட்டரைத் தாண்டாது. இரண்டாம் மாடியில் சிக்னல் வலுக்க ஒரு பழைய ரவுட்டரைப் போட்டிருந்தார்கள். கீழிருந்து வந்த கேபிள் அதன் வான் துளையில், அதாவது வெளி இணைய இணைப்புக்கான துளையில், சொருகியிருந்தது. அதனால் மேல்மாடி 192.168.0 என்று தொடங்கும் தனி வலையாகிவிட்டிருந்தது. ஒரே வீடு, இரண்டு வலை.

பழைய ரவுட்டரில் முதலில் முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, கடைசியில் கேபிளை வான் துளையிலிருந்து லேன் துளைக்கு மாற்றினார்கள். வரிசை முக்கியம். கேபிளை முதலில் மாற்றினால் ஒரே வலையில் இரண்டு ரவுட்டர்கள் முகவரி கொடுக்கத் தொடங்கி, வீடு முழுக்க நெட் தடுமாறும். ஐபோனில் உடனே பிரிண்டர் தெரிந்தது. மருமகளின் போனில் மட்டும் தோன்றியும் சில நிமிடங்களில் மறைந்தும் விளையாடியது. முதன்மை ரவுட்டரில், இத்தகைய அறிவிப்புகளை வடிகட்டும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை அணைத்த பிறகு அதுவும் நின்றது. மாணவர்களின் போன்களுக்கென்று விருந்தினர் வைஃபை தனியே இருக்கிறது. அதிலிருந்து பிரிண்டர் தெரியாது, தெரியவும் கூடாது.

மின்விசிறி மெதுவான விஷயம்

அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போய், வீடு இன்வெர்ட்டரில் ஓடியது. மருமகள் மாடியிலிருந்து ஒரு பக்கம் அனுப்பினார். கீழே பிரிண்டர் விழித்த கணத்தில் மின்விசிறி தொய்ந்தது, டியூப்லைட் ஒருமுறை மங்கித் தெளிந்தது, இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தியது. தாள் வந்தது.

லேசர் பிரிண்டரின் உள்ளே டோனரைத் தாளில் உருக்கி ஒட்டும் சூட்டு உருளை இருக்கிறது. அது சூடேறும் சில நொடிகளில் இழுக்கும் மின்சாரம் சராசரியைவிடப் பல மடங்கு. வீட்டு இன்வெர்ட்டர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. அன்று மாலை பிரிண்டரின் பிளக்கை இன்வெர்ட்டர் பாயிண்டிலிருந்து உருவி, நேர் மின்சாரப் பாயிண்டில் ஸ்பைக் கார்டு வழியாகப் போட்டார்கள். பை மட்டும் இன்வெர்ட்டரில் இருந்தது. கரண்ட் போனால் திடீரென்று அணையக் கூடாதது மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் அந்தப் பைதான். முடிவு முழுக்கச் சரி.

அக்டோபர் 15

அன்று சென்னையில் கனமழை. காலையில் போன கரண்ட் பிற்பகலில் வந்தது. ஆசிரியை வார இறுதித் தேர்வுக்கான வினாத்தாளை அனுப்பினார். கப்ஸ் பட்டியலில் வேலை 'முடிந்தது' என்று வந்தது. தாள் வரவில்லை. மறுபடி அனுப்பினார். மறுபடியும் 'முடிந்தது'. பிரிண்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மருமகளைக் கூப்பிட்டு அவர் சொன்னது: "கரண்டு வந்த வேகத்துல மெஷின் புகைஞ்சிருச்சு போலம்மா. ஒரு சத்தமும் இல்ல."

எல்லோருக்கும் அதே சந்தேகம். மழை, கரண்ட் வெட்டு, நேர் மின்சாரத்துக்கு மாற்றிய இரண்டாம் நாள். பழி தானாக அங்கே போய் நின்றது. இன்வெர்ட்டரிலேயே மறுபடி போட்டுவிடலாம் என்றும் பேச்சு வந்தது.

முடிந்த வேலைகளின் பட்டியலைத் தேதியோடு பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. கடைசியாகத் தாள் உண்மையில் வந்தது 13ஆம் தேதி, பிளக்கை மாற்றுவதற்கு முன். 14ஆம் தேதி யாரும் எதுவும் அச்சிடவில்லை. ஆகவே பழுது மழையன்று வந்ததென்று சொல்ல ஆதாரமில்லை. பிளக்கை உருவிய நிமிடத்திலேயே வந்திருக்கலாம்.

காரணம் தேடியது

யுஎஸ்பி கேபிளைப் பழைய லேப்டாப்பில் சொருகினார்கள். பிரிண்டரின் விளக்குகள் மினுங்கின, உள்ளே உருளைகள் சில நொடி சுற்றி ஓய்ந்தன, சோதனைப் பக்கம் வந்தது. மெஷின் புகையவில்லை. அடுத்து, சுவிட்சைத் தொடாமல் கேபிளை மட்டும் பைக்கு மாற்றினார்கள். பையிலிருந்தும் தாள் வந்தது. பிரிண்டரை அணைத்துப் போட்டார்கள். விளக்குகள் மினுங்கின, ஆனால் அந்த உருளைச் சத்தம் இல்லை. பையிலிருந்து அனுப்பிய வேலை 'முடிந்தது' என்று வந்தது, தாள் இல்லை.

மூன்று சோதனைகளிலேயே காரணம் தெளிவாயிற்று. பை ஒருநாளும் ஃபார்ம்வேர் ஊட்டியதே இல்லை. அக்டோபர் 5 காலையில் லேப்டாப் ஊட்டியதை வைத்துக்கொண்டு பிரிண்டர் எட்டு நாள் ஓடியிருக்கிறது. இன்வெர்ட்டரில் இருந்தவரை இடையில் போன கரண்ட் எதையும் பிரிண்டர் உணரவில்லை. சரியான இடத்துக்குப் பிளக்கை மாற்றியது முதல் நாளிலிருந்தே இருந்த குறையை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

ஊட்டாததற்கு இரண்டு காரணங்கள். ஃபார்ம்வேர் கோப்பு உற்பத்தியாளருக்குச் சொந்தமானது என்பதால் டெபியன் (ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் அடிப்படையான லினக்ஸ்) தொகுப்போடு வருவதில்லை, தனியாக இறக்க வேண்டும். யாரும் இறக்கவில்லை. இறக்கியிருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்காது. ஃபூ2இசட்ஜேஎஸ் ஃபார்ம்வேரை அனுப்புவது யுஎஸ்பிஎல்பி உருவாக்கும் வாசல் வழியே. அந்த வாசலைத்தான் முதல் நாள் தடைப்பட்டியலில் போட்டு அடைத்திருந்தார்கள். அந்த ஆலோசனை மற்றப் பல பிரிண்டர்களுக்குப் பொருந்தலாம். ஃபார்ம்வேர் ஊட்டவேண்டிய இந்த வகைக்கு அது நேர் எதிர்.

திருத்தம்

தடை நீக்கப்பட்டது. 1020க்குரிய ஃபார்ம்வேர் கோப்பை டிரைவரோடு வரும் கருவியால் இறக்கி உரிய இடத்தில் வைத்தார்கள். பிரிண்டரை அணைத்துப் போட்டதும் உருளைச் சத்தம் கேட்டது. பிரிண்டரின் அடையாளச் சரத்தைக் கேட்டால், ஃபார்ம்வேர் ஏறிய பிறகு மட்டும் அதில் எஃப்டபிள்யூவெர் என்ற பகுதி இருக்கும். சத்தத்தை நம்பாமல் அதைப் பார்த்து உறுதி செய்தார்கள்.

ஆனால் இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. பிரிண்டர் அணைந்திருக்கும்போது வரிசையில் ஒரு வேலை காத்திருந்தால், கரண்ட் வந்த கணத்தில் கப்ஸ் பாய்ந்து பிரிண்டரைப் பிடித்துக்கொள்கிறது. பிடிக்கும்போது யுஎஸ்பிஎல்பியை விலக்கிவிடுகிறது. ஃபார்ம்வேர் ஊட்டவந்த ஸ்கிரிப்டுக்கு வாசல் இல்லை. சோதித்த ஐந்து முறையில் மூன்று முறை கப்ஸ் முந்திக்கொண்டது.

இதற்குச் செய்தது இப்படி. யுஎஸ்பியிலிருந்து பிரிண்டர் மறைந்தால், சாதனங்கள் வருவதையும் போவதையும் கவனிக்கும் யூடெவின் விதி ஒன்று உடனே அச்சு வரிசையை நிறுத்திவைக்கும். வேலைகள் வந்து சேரும், வெளியே போகாது. பிரிண்டர் திரும்பத் தோன்றினால் பின்னணியில் ஓடும் ஒரு சிஸ்டம்டி சேவை தொடங்கும். அது ஃபார்ம்வேரை ஊட்டி, பத்து நொடி பொறுத்து, அடையாளச் சரத்தில் எஃப்டபிள்யூவெர் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் மட்டுமே வரிசையைத் திறந்துவிடும். இல்லையென்றால் இன்னும் இருமுறை முயலும். இந்தக் காத்திருப்பை யூடெவ் விதிக்குள்ளேயே எழுதக் கூடாது. நீண்டு ஓடும் வேலைகளை யூடெவ் பாதியில் கொன்றுவிடும். சேவையாகப் பிரித்து, கப்ஸ் எழுந்த பிறகே தொடங்கும்படி வைக்க வேண்டும்.

மெயின் சுவிட்ச் சோதனை

அக்டோபர் 20ஆம் தேதி காலை, வீட்டார் எல்லோரும் இருக்கும்போது மெயினை இறக்கினார்கள். இன்வெர்ட்டர் வந்தது, பை ஓடியது, பிரிண்டர் அணைந்தது. இரண்டாம் மாடி ஐபோனிலிருந்து ஒரு பக்கம், முதல் மாடி லேப்டாப்பிலிருந்து ஒரு பக்கம் அனுப்பினார்கள். இரண்டும் வரிசையில் நின்றன. பத்து நிமிடம் கழித்து மெயினை ஏற்றினார்கள். யாரும் எதையும் தொடவில்லை. முக்கால் நிமிடத்துக்குள் இரண்டு தாளும் வந்தன.

அடுத்து இன்வெர்ட்டரையும் சேர்த்து அணைத்தார்கள். பேட்டரி தீர்ந்துபோகும் நீண்ட வெட்டுக்கான சோதனை இது. பையும் ரவுட்டரும் பிரிண்டரும் ஒருசேர எழுந்தபோது ரவுட்டர்தான் கடைசியாக வந்தது. பையின் முகவரி ஒதுக்கீடு நிலையானதாக இருந்ததால் அது தடையாகவில்லை.

பிறகு நடந்தவை

நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த நாள். மாலையில் கரண்ட் இல்லாத நேரத்தில் ஆசிரியை அரையாண்டு மாதிரித்தாளின் பத்துப் பிரதிகளைப் போனிலிருந்து அனுப்பினார். வரவில்லை என்று இன்னும் இருமுறை அழுத்தினார். மறுநாள் கரண்ட் வந்ததும் மூன்று மடங்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. நாலு பக்கத்துக்குப் பத்துப் பிரதி என்றால் 40 தாள், இங்கே 120. எந்திரம் சொன்னதைச் செய்தது. சொன்னதை அது கேட்டுக்கொண்டது என்று ஆசிரியைக்குத் தெரிவிக்க அங்கே எதுவும் இல்லை. இது அமைப்பின் குறைதான். சிமென்ட் பலகையின் விளிம்பில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: 'கரண்ட் இல்லாதபோது ஒருமுறை அனுப்பினால் போதும். வந்ததும் தானே வரும்.' மருமகளின் போனில் கப்ஸ் பக்கத்தைக் குறித்து வைத்து, தேவையில்லாத வேலையை நீக்கக் காட்டிக்கொடுத்தார்கள்.

டிசம்பரில் ஒரு புகார் வந்தது. தோழி ஆசிரியை ஒருவர் அனுப்பிய வினாத்தாள் ஆங்கில எழுத்துகளின் குப்பையாக அச்சாகியிருந்தது. பிரிண்ட் சர்வர் மேல் பழி விழுந்தது. கோப்பு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு போனில் இல்லை, திரையிலும் அதே குப்பைதான் தெரிந்தது. பாமினி உள்ள லேப்டாப்பில் திறந்து, எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃபாக மாற்றிய பிறகு போனிலிருந்தும் சரியாக வந்தது. யூனிகோடில் அடித்த கோப்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

தாள் சிக்குவது மழைக்காலத்தில் கூடியது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், நவம்பர் ஈரத்தில், தட்டில் 150 தாளை அடுக்கிவைத்தால் இரண்டு நாளில் ஓரம் சுருண்டு, ஒன்றுக்கு இரண்டாக இழுக்கும். இப்போது அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வைக்கிறார்கள். மீதிக் கட்டு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில். தாளை இழுக்கும் ரப்பர் உருளையை மாதம் ஒருமுறை நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கிறார்கள்.

45 பிரதி அடிக்கும்போது பை ஒவ்வொரு பிரதியின் ஒவ்வொரு பக்கத்தையும் புதிதாக வரைகிறது. எழுத்து மட்டும் உள்ள தாளில் அது தெரியாது. ஸ்கேன் செய்த பழைய வினாத்தாள்களில் பிரிண்டர் பக்கத்துக்குப் பக்கம் நின்றுதான் போகிறது. ஸ்கேன் செய்யும்போதே கருப்பு வெள்ளையில், 300 துல்லியத்தில் சேமித்தால் பெருமளவு குறைகிறது.

அடுத்த முறை மாற வேண்டியவை

பிரிண்டரைக் குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்க வேண்டும். பழைய கணினியிலிருந்து கேபிளை உருவும் முன் பிரிண்டரை அணைத்து, புதிய சர்வரில் சொருகிய பிறகே போட வேண்டும். அன்று இதைச் செய்திருந்தால் குறை அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும், எட்டு நாள் ஒளிந்திருக்காது. மெயின் சுவிட்ச் சோதனையை முதல் நாளே, சோதனைப் பக்கம் வந்த கையோடு செய்திருக்க வேண்டும். பருவமழை மாதங்களில் இந்தப் பகுதியில் ஒரு சர்வரை 'முடிந்தது' என்று ஒப்படைக்க அதைவிடக் குறைந்த சோதனை போதாது.

இணையத்தில் கண்ட ஆலோசனையைப் பின்பற்றி எதையாவது முடக்கினால், எதற்காக முடக்கினோம் என்று தேதியோடு எழுதி வைக்க வேண்டும். யுஎஸ்பிஎல்பி தடையை 15ஆம் தேதி கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது, போட்டவருக்கே அது மறந்துவிட்டிருந்தது. வீட்டில் எத்தனை ரவுட்டர், எந்தக் கேபிள் எந்தத் துளையில் என்பதைச் சர்வரைத் தொடும் முன்பே நடந்து பார்த்துத் தாளில் வரைந்துகொள்வதும் சேர வேண்டும்.

இன்வெர்ட்டர் பாயிண்டை மறுபடி யாரும் பிரிண்டருக்குப் பயன்படுத்தாதபடி அந்தத் துளையைப் பிளாஸ்டிக் மூடியால் அடைத்திருக்கிறார்கள். ஜனவரியில் மெமரி கார்டின் முழு நகலை இன்னொரு கார்டில் எடுத்து, ஃபார்ம்வேர் கோப்பையும் அமைப்புகளின் பட்டியலையும் சேர்த்து, ஒரு உறையில் போட்டு முதல் மாடி பீரோவில் வைத்தாயிற்று. கார்டு செத்துப்போனால் மாற்றிச் சொருகுவது எப்படி என்று மருமகள் ஒருமுறை தானே செய்து பார்த்துவிட்டார்.